நான்காம் வீட்டு மீட்டர்

மார்ச் 2, திங்கள்

இன்று மீட்டர் பார்க்கும் நாள். முன்பக்கச் சுவரில், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஆறு லைன் வீடுகளுக்கும் ஆறு மீட்டர். ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்தால் முதலில் முகத்தில் வந்து விழுவது கரப்பான்பூச்சி. ச்சீ. எண்களைக் குறித்து, போன மாத எண்ணைக் கழித்து, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று சீட்டு எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுக்க வேண்டும். வாடகை வாங்குவது என் கணவர் வேலை. கரண்ட் சீட்டு என் வேலை. பதினான்கு வருடமாக இப்படித்தான்.

நான்காம் வீட்டில் நூற்று நாற்பத்தெட்டு. ஆறுச்சாமிக்கு மூச்சு மெஷின் வந்துவிட்டது, அதனால்தான். இருபத்தாறு வருடம் பவுண்டரியில் மண் அச்சுப் போட்டவர். அந்தத் தூளெல்லாம் நெஞ்சுக்குள் இறங்கிக் கட்டிக்கொண்டதாம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற பெட்டி ஒன்றைக் கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள். மனைவி பூங்கொடி மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றப் போகிறாள். ஆறுச்சாமி நாளெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இருமி இருமி வாசல் சாக்கடையில் துப்புகிறார். பார்த்தாலே குமட்டுகிறது. துப்பிய கையோடு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் என்ன?

மார்ச் 7, சனி

மின்வாரியத்திலிருந்து கணக்கெடுக்க வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. மூன்று வீடுகளுக்குப் பில் பூஜ்யம். நூறு யூனிட் வரை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது அல்லவா. லைன் வீடுகள் இருக்கிற மனை என் அப்பா கொடுத்தது. அதனால் ஆறு இணைப்பும் என் பெயரில். பில் தகவல் வருவது மட்டும் இவர் போனுக்கு.

குடியிருப்பவர்களிடம் இந்தப் பூஜ்யத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது இவர் உத்தரவு. இலவசம் என்பது வீட்டுக்காரனுக்குக் கொடுப்பதாம். சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 11, புதன்

மாடியறைக்கு ஏசி வந்துவிட்டது. எனக்கு ஐம்பத்திரண்டு. உடம்பு திடீர் திடீரென்று அடுப்பாய் எரிகிற வயது. இவராகவே வாங்கி மாட்டினார்.

“ஏனுங்க, பில்லு எகிறிராதுங்களா?”

“அதெல்லாம் ரோசன பண்ணித்தான் மாட்டறேன். நீ குளுகுளுன்னு தூங்கு.”

எலெக்ட்ரீஷியன் மாடியில் வேலை முடித்துவிட்டு, முன்பக்க மீட்டர் பெட்டியிடம் ஏணி போட்டு வெகுநேரம் என்னவோ செய்துகொண்டிருந்தான். எங்கள் வீட்டு மீட்டர் பின்பக்கம் இருக்கிறது. இங்கே என்ன வேலை என்று கேட்டேன். எர்த் பார்க்கிறான் என்றார் இவர்.

மார்ச் 12, வியாழன்

நன்றாகத் தூங்கினேன். ஆறு மாதத்தில் முதல் முறை.

ஏப்ரல் 2, வியாழன்

நான்காம் வீடு: முந்நூற்றுப் பன்னிரண்டு. தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். அதேதான்.

சீட்டைக் கொடுத்ததும் பூங்கொடிக்கு முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, இன்னொருக்காப் பாத்துருங்களேன். போன மாசத்துக்கு ரண்டு மடங்கு வருதுங்களே.”

“ரண்டு தரம் பாத்துட்டேன் பூங்கொடி. மெஷின் இழுக்குது.”

உள்ளே கட்டிலில் இருந்து ஆறுச்சாமி சிரித்தார். “மெஷின் கரண்ட இழுக்குது, நான் மூச்ச இழுக்கறேன். ரண்டு பேரும் ஒண்ணாச் சேந்து உன்னைய இழுக்கறோம் பூவு.” சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவேயில்லை. நான் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

மின்கட்டண உயர்வைக் கண்டித்து வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஆர்ப்பாட்டம். இவர்தான் இந்தப் பகுதிச் செயலாளர். சென்னியப்பன் என்று கொட்டை எழுத்தில் பேனரில் பெயர். ஆளுக்கொரு பனையோலை விசிறியும் மண்ணெண்ணெய் விளக்கும் கையில். “ஏழைகள் வயிற்றில் அடிக்காதே” என்று இவர் மைக்கில் கத்தியதைத் தெருமுனையில் நின்று நானே கேட்டேன். பக்கத்துத் தெரு லைன் வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மாடியறைக்குப் போய் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தார். அந்த விசிறி ஹாலில் கிடந்தது. எடுத்து வைக்கப் பிடிக்கவில்லை. காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனார்கள். கட்டணச் சுமையைக் குறைக்க அரசு புதிதாகச் சலுகை கொடுக்கிறதாம். வீட்டில் மூச்சுக் கருவி வைத்துப் பிழைக்கிற நோயாளி இருந்தால், ஏற்கனவே உள்ளதற்கு மேல் மாதம் இருநூறு யூனிட் இலவசம். சுவரெல்லாம் சிரித்த முகங்களோடு போஸ்டர். நான்காம் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரேயும் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். பசை வாடை தாங்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இருபத்தைந்தாம் தேதி சலுகை முகாமில் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பூங்கொடி வந்தாள். டாக்டர் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒப்புதல் வேண்டும். ஓர் அலுவலர் வந்து மீட்டரையும் வயரிங்கையும் பார்த்துச் சான்று தருவார்.

“அண்ணா, ஒரு கையெழுத்துத்தானுங்க.”

இவர் படித்தார். வயரிங் சோதனை என்கிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. “இந்தாம்மா, இதெல்லாம் கண்ணத் தொடைக்கற வேல. குடுக்கவும் மாட்டானுங்க, வந்து நோண்டிட்டு நம்ம மேலயே குத்தம் சொல்லுவானுங்க. மழ விழுவட்டும், அப்பறம் பாக்கலாம்.”

“அதுக்கு மின்ன முகாம் முடிஞ்சு போயிருமுங்கண்ணா.”

“முடிஞ்சா இன்னொண்ணு போடுவாங்க. ஓட்டு வேணுமல்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். இணைப்பு என் பெயரில் இருப்பது அவளுக்குத் தெரியாது. நான் உள்ளே போய் அரிசி களைந்தேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருடப்பிறப்பு. காலையில் ஆறுச்சாமிக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பூங்கொடியும் கூடவே போய்விட்டாள். நான்காம் வீடு பூட்டிக் கிடக்கிறது. மாங்காய்ப் பச்சடியை இவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 23, வியாழன்

ஆறுச்சாமியைக் கொண்டுவந்துவிட்டார்கள். பாதியாகிவிட்டார். தினம் பதினாறு மணி நேரமாவது மெஷின் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

ஏப்ரல் 25, சனி

முகாம் இன்று. சமுதாயக் கூடத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றாளாம் பூங்கொடி. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முப்பதாம் தேதிக்குள் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். இவரிடம் மறுபடி கேட்கச் சொல்லி என்னிடம் வந்தாள். கேட்கிறேன் என்றேன்.

கேட்கவில்லை. இவருக்கு இரண்டு நாளாக வயிறு சரியில்லை, எரிந்து எரிந்து விழுகிறார்.

மே 2, சனி

நான்காம் வீடு: முந்நூற்று முப்பத்தெட்டு.

ஒன்பது நாள் பூட்டிக் கிடந்த வீடு. ஸ்டூலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மெஷினை அணைக்காமல் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிரிட்ஜ் இருக்கிறதா என்று யோசித்தேன். அவர்களிடம் பிரிட்ஜ் கிடையாது. மீட்டர் கோளாறாக இருக்கும். சீட்டு எழுதினேன்.

பூங்கொடி சீட்டை இரண்டாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். ஆறுச்சாமிதான் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார். “ஏனுங்கக்கா, நான் இப்ப மத்தியானம் பூராவும் மெஷின அணைச்சுப் போட்டுட்டுத்தான் இங்க வந்து ஒக்காந்துக்கறேன். ராத்திரி மட்டும்தான் போடறது. இனியும் கொறைக்கோணும்னா எப்பிடிங்க?”

“அப்படியெல்லாம் அணைக்காதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டருக்கா பில்லு வருது?”

மே 6, புதன்

வடகம் போட்டேன். இரண்டு படி. வெயில் நன்றாக இருக்கிறது.

மே 9, சனி

இவர் தன் அக்கா பேத்தியின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் பொள்ளாச்சி போயிருந்தார். பூங்கொடி வேலைக்குப் போய்விட்டாள். ஆறுச்சாமி மரத்தடியில். நான்காம் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது; எட்டிப் பார்த்தேன். மெஷின் அணைந்திருந்தது, ஃபேன்கூட ஓடவில்லை.

மாடிக்குப் போய் ஏசியைப் போட்டேன். கீழே வந்து மீட்டர் பெட்டியைத் திறந்தேன். நான்காம் மீட்டரில் கரண்ட் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. மேலே போய் ஏசியை அணைத்தேன். கீழே வந்தேன். விளக்கு துடிக்கவில்லை. மறுபடி மேலே போய்ப் போட்டேன். கீழே வந்தேன். துடித்தது.

“என்னுங்கக்கா, மேலயும் கீழயும் நடந்துட்டே இருக்கறீங்க? எதாச்சும் காணாப் போச்சுங்களா?” என்றார் ஆறுச்சாமி. ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“ஒண்ணுமில்லீங்க,” என்றேன்.

குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். காலையில் சாப்பிட்ட பழைய சட்னியாக இருக்கும்.

சாயங்காலம் இவரிடம் கேட்டேன். கொஞ்சமும் கூசவில்லை. “தெரிஞ்சுதான பண்ணுனேன். நம்ம மீட்டர்ல ஓட்டுனா ஐநூறு யூனிட்டத் தாண்டிரும், அப்பறம் ரேட்டே வேற. அவன் வூட்டுல எப்பிடியும் மெஷின் ஓடுது, எது ஓடுச்சுன்னு யாரு கண்டா?”

“மெஷின அணைச்சுப் போட்டுட்டு ஒக்காந்திருக்கறாருங்க அந்த மனுசன்.”

“நானா அணைக்கச் சொன்னேன்? மழ விழுந்தா மாத்திடறேன். இந்தா பாரு வசந்தா, வெளிய வாயத் தொறக்காத. இணைப்பு உன்ற பேர்ல. கேஸுன்னு வந்தா வந்து நிக்கறது நீதான்.”

சொல்லிவிட்டுத் தட்டை நகர்த்தி இன்னும் இரண்டு தோசை கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். அவர் மெல்லுகிற சத்தத்தைக் கேட்க முடியாமல் கிரைண்டரைப் போட்டேன். உள்ளே ஒன்றுமில்லாமல் அது சுற்றிக்கொண்டிருந்தது.

மே 10, ஞாயிறு

ஹாலில் படுத்தேன். சுவரெல்லாம் அனல். புழுக்கத்தில் புரண்டு புரண்டு, பிறகு எழுந்து மாடியறைக்கே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மே 12, செவ்வாய்

ஆறுச்சாமிக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நல்லா இருக்குதுங்க,” என்றார். மெஷினைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். “பூவு வந்தொடனே போட்டுக்கறனுங்க,” என்றார். இந்த மாதம் சீட்டில் குறைத்து எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை.

மே 15, வெள்ளி

கல்யாணம், பொள்ளாச்சியில். இவர் அக்கா பேத்தி. எல்லோரும் கரண்ட் பில்லைப் பற்றித்தான் பேசினார்கள். இலவசம் கொடுத்துக் கொடுத்தே நாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று இவர் இலை முன்னால் உட்கார்ந்து பேசினார். விரலில் பாயசம் வழிந்தது. நக்கினார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மே 18, திங்கள்

எலெக்ட்ரீஷியனுக்கு நானே போன் பண்ணி மாற்றச் சொல்லலாம் என்று எண்ணைத் தேடி எடுத்தேன். கல்யாண அலைச்சலில் உடம்பு முடியவில்லை. நாளைக்குப் பண்ணலாம்.

மே 21, வியாழன்

ஆறுச்சாமி போய்விட்டார்.

மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு. மரத்தடி நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குள் போகப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. எங்கள் மாடிப்படி வரை வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் வீட்டுக்காரி கொடியில் துணி எடுக்க வந்தபோதுதான் பார்த்தாள். தூங்குகிறார் என்று நினைத்தாளாம்.

“அக்கா, அக்கான்னு நாலஞ்சு தடவ கூப்புட்டாருங்க. நான் உள்ள பாத்திரம் தேச்சுட்டிருந்தேன். நீங்க வந்து பாத்திருப்பீங்கன்னு இருந்துட்டேன்,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நான் வீட்டில்தான் இருந்தேன். மாடியறையில். கதவு சாத்தியிருந்தது.

மே 22, வெள்ளி

எடுத்தாகிவிட்டது. வண்டி, மாலை, மின்மயானம் எல்லாம் இவர் செலவு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். “எவன் செய்வான் குடியிருக்கறவனுக்கு இந்தளவுக்கு? பெரிய மனுசன்,” என்று பவுண்டரி ஆட்கள் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் கண்ணில் தண்ணீர். நிஜத் தண்ணீர்தான். அதுதான் எனக்கு இன்னும் தாளவில்லை.

பூங்கொடி என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை.

மே 23, சனி

மாடியறைக்குப் போகவில்லை.

மே 29, வெள்ளி

மழை. இவர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறார், திங்கட்கிழமை வருவான் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம்.

ஜூன் 1, திங்கள்

எலெக்ட்ரீஷியன் வந்தான். இவர் சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தார். எதையும் தொடக்கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது தெரியவில்லை. சாயங்காலம்தான் புரிந்தது. மாற்றிவிட்டால் நான் சொல்வதை யார் நம்புவார்கள்?

ஜூன் 2, செவ்வாய்

ஸ்டூலை எடுக்கவில்லை.

ஜூன் 3, புதன்

காலையில் பூங்கொடி வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டு உடுமலையில் தம்பி வீட்டுக்குப் போகிறாளாம்.

“கடேசி மாசச் சீட்டு எழுதிக் குடுத்துருங்கக்கா. கட்டிட்டுப் போயறேன். அவரு யாருக்கும் பாக்கி வெச்சதில்ல.”

ரூபாய் நோட்டுகளை மேஜை மேல் வைத்தாள். ஐந்நூறுகள், நூறுகள், நான்காக மடித்துப் பிரித்த பத்துகள். இவர் ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். “எழுதிக் குடு வசந்தா, மேல நூறு எரநூறு கொறச்சுக்க,” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

“பூங்கொடி,” என்றேன். “அந்த மீட்டர்ல எங்க ஏசியும் ஓடுச்சு. மார்ச்சுல இருந்து.”

செய்தித்தாள் கீழே இறங்கியது. “இவளுக்கு உடம்பு சரியில்ல, கண்டதையும் ஒளறுவா,” என்றார் இவர் எழுந்து. நான் நிறுத்தவில்லை. எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டதைச் சொன்னேன். நூறு யூனிட் இலவசமாக வருவதைச் சொன்னேன். கையெழுத்துப் போடாததற்கான காரணத்தைச் சொன்னேன். போட வேண்டியவள் நான்தான் என்பதையும் சொன்னேன். இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். வளையல் ஒன்று உடைந்தது.

பூங்கொடி கத்துவாள் என்று நினைத்தேன். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“அப்பக் கொறைக்கலாம்னு அவரு மெஷின அணைச்சதெல்லாம்...” மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்த்து, “அந்த ரூம்புல நீங்களும்தானுங்களே படுத்தீங்க?” என்றாள்.

“ஆமா.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“கொஞ்ச நாளைக்கு முன்னாடி.”

பணத்தை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள். “இதெல்லாம் நீங்க ஆபீசுல வந்து எழுதிக் குடுக்கோணும்.”

ஜூன் 4, வியாழன்

இவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சொன்னது: “உன்னையப் பாக்கவே அருவருப்பா இருக்குது.”

முப்பது வருடத்தில் இருவருக்கும் ஒரே எண்ணம் வந்தது இதில்தான்.

ஜூன் 5, வெள்ளி

மின்வாரிய அலுவலகத்துக்குப் போனோம். பஸ்ஸில் பூங்கொடி என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள்.

பொறியாளர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். “இணைப்பு யார் பேர்லங்க?” என்றார். என் பெயரில் என்றேன். “புகார் யார் மேல?” என்றார். அதற்கும் அதே பதிலைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெள்ளைத்தாள் கொடுத்தார். மத்தியானமே ஆள் அனுப்பி வயரைப் பார்த்து வெட்டுவதாகவும், அபராதம் என் பெயருக்கு வரும் என்றும், இனி ஆறு வீட்டுப் பில்லும் குடியிருப்பவர்கள் போனுக்கே போகும்படி செய்துவிடலாம் என்றும் சொன்னார். போலீசில் கொடுக்க ஒரு நகல் வேண்டும் என்று பூங்கொடி கேட்டாள். தருகிறேன் என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். ஏசி மாட்டிய தேதி, வயர் கொடுத்த விதம், மாதாமாதம் நான் எழுதிய யூனிட், சலுகை விண்ணப்பம், முகாம், எல்லாம். இரண்டு பக்கம் வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பூங்கொடியிடம் கொடுத்தேன்.

அவள் வாய்விட்டு மெதுவாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்கறத எழுதலீங்களே.”

“எழுதியிருக்கேன். கொஞ்ச நாளைக்கு முன்னாடின்னு...”

“கொஞ்ச நாள்னா எத்தன நாளுங்க?”

மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பொறியாளர் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார்.

“மே ஒம்போது,” என்றேன்.

பூங்கொடி அங்கிருந்து இருபத்தொன்றாம் தேதி வரை விரல்களை மடக்கி எண்ணினாள். ஒரு கை முடிந்து, இன்னொரு கை முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்து இரண்டு விரல்.

“பன்னண்டு நாள்,” என்றாள். தாளை என் மடியில் வைத்தாள். “அதையும் எழுதுங்க.”

எழுதினேன்.